வானத்தை மாற்றினால் வெளிச்சத்தை யார் மாற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், போட்டோவில் வெளுத்துப்போன வானத்தை ஒரே தட்டலில் மாற்றிவிடலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. பக்கத்திலேயே முன், பின் என்று இரண்டு படங்கள். முதல் படத்தில் ஓர் ஏரி, கரையில் ஒரு மரம், கட்டிப்போட்ட படகு, மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிய மாதிரி மூட்டம். இரண்டாவது படத்தில் அதே ஏரி, அதே மரம், அதே படகு, ஆனால் வானம் மட்டும் ஆரஞ்சும் ஊதாவுமாகப் பற்றி எரிகிறது. அழகாகத்தான் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏரித் தண்ணீர் இன்னும் சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது! மேலே வானம் எரிகிற சேதி கீழே தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. சூரியன் மரத்துக்குப் பின்னால் இருக்கிறது, மரத்தின் முன்பக்கமோ பட்டையின் ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. படகுக்கு நிழலே இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதைதான்.

குறிப்பை எழுதியவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வானத்தை எப்படி மாற்றுவது என்று சொன்னார், மாற்றிய பிறகு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை, எங்கே மாற்றவே கூடாது என்பதையும் சொல்லவில்லை, இடம் போதாமல் இருந்திருக்கலாம். அந்த மிச்சத்தை நான் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், தண்ணீரைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றால், நானும் இந்தத் தப்பைச் செய்து மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். படம் எடுப்பதும் திருத்துவதும் எனக்குத் தொழில் இல்லை, பித்து. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஒரு மலையுச்சிக்குப் போனோம், போய்ச் சேரும்போதே மப்பும் மந்தாரமுமாக இருந்தது, எல்லோரையும் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் பின்னால் மலையும் இல்லை, மேகமும் இல்லை, ஒரே சுண்ணாம்பு வெள்ளை. உட்கார்ந்து, முடியெல்லாம் கவனமாக வெட்டி, ஒரு அந்தி வானத்தைச் சேர்த்து, பெரிதாக அச்சுப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அப்பா கையில எதுக்குடா குடை? அன்னிக்கு மழையில்ல பெஞ்சுது, உன் தங்கச்சி தலை நனைஞ்சுபோய் நிக்கறா பாரு" என்றார். சாயம் வெளுத்துவிட்டது. நான் முடியின் ஓரத்தை மூன்று மணி நேரம் பார்த்திருந்தேன், அந்த முடி நனைந்திருந்ததைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வானம் போட்டோவுக்குப் பின்னால் தொங்கும் திரை இல்லை, போட்டோவில் இருக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் விளக்கு. ஒரு அறையில் மஞ்சள் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டால் சுவர், நாற்காலி, முகம் எல்லாமே மாறும் இல்லையா? விளக்கை மட்டும் மாற்றி மீதியை அப்படியே விட்டால் எப்படி இருக்கும், அதுதான் அந்த ஏரிப் படம்.

மூட்டமான நாளின் வெளிச்சம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகவே வந்துவிடும். வெயில் நாளில் சூரியன் என்பது வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள ஒரு சின்ன வட்டம், வெளிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பொட்டிலிருந்தே வருகிறது, அதனால்தான் நிழல் கத்தியால் வெட்டியது போல விழுகிறது. மூட்டம் போட்டுவிட்டால் அந்த வெளிச்சம் மேகத்துக்குள் சிதறி வானம் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடும். எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி வரும்போது எந்தப் பக்கத்தில் நிழல் விழும்? பொருள்களுக்கு அடியில் மட்டும் மங்கலாக ஒரு கருமை இருக்கும், அவ்வளவுதான். அளவும் குறையும்: பிலிம் காலத்தில் லென்ஸின் துளைக்கு வெயிலில் எஃப் 16, கனத்த மூட்டத்தில் எஃப் 5.6 என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள் (எண் குறைந்தால் துளை பெரிது), அதாவது மூன்று ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும், ஆக எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். நிறமும் வேறு. ஒளியின் நிறத்தை கெல்வினில் அளப்பார்கள், எண் ஏறினால் நீலம், இறங்கினால் மஞ்சள். நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின் என்றால் மூட்டம் 6500ஐ ஒட்டி, கொஞ்சம் நீலம் ஏறியிருக்கும். அந்தி வெயில் 3000 பக்கம் இறங்கி மஞ்சளாகிவிடும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சீரான மூட்டத்தில் வானத்தின் உச்சிதான் அதிக வெளிச்சம், தொடுவானத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது ஒளியியலில் ஏற்றுக்கொண்ட கணக்கு. தெளிந்த நீல வானத்தில் அது தலைகீழ், உச்சியில் ஆழ்ந்த நீலம், கீழே வரவர வெளுப்பு.

இப்போது அந்த ஏரிக் கரையில் அந்தி வானத்தை ஒட்டினால் எத்தனை பொய் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். திசையே இல்லாத வெளிச்சத்துக்குத் திசை கொடுக்க வேண்டும், இல்லாத நிழலை வரைய வேண்டும், 6500இல் எடுத்த தரையை 3000க்கு இழுக்க வேண்டும், சூரியனைப் பார்த்த விளிம்புகளுக்கு மட்டும் பொன்பூச்சு, பின்பக்கத்துக்குக் கருமை. ஒரு தட்டலில் மென்பொருள் இதில் நிறத்தை மட்டும் ஓரளவு செய்யும், மொத்தப் படத்துக்கும் ஒரு மஞ்சள் சாயத்தைத் தெளித்துவிடும். நிழலை அது வரைந்து தருவதை நான் பார்த்ததில்லை.

அதனால் என் முதல் யோசனை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்: மூட்டத்துக்கு மூட்டத்தையே போடுங்கள். வெள்ளையாக வெந்துபோன வானத்துக்குப் பதிலாக, அதே மாதிரி சூரியன் தெரியாத நாளில் எடுத்த, ஆனால் மேகங்களின் அடுக்கும் மடிப்பும் தெரிகிற ஒரு வானம். வெளிச்சம் ஒத்துப்போகும், நிழல் வரைய வேண்டியதில்லை, படத்துக்கு உயிரும் வந்துவிடும். நீல வானம்தான் வேண்டும், அந்திதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் வானம் நிஜமாகவே வெறுமையா? ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் கருமை முதல் வெண்மைவரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில், முழு வெள்ளையான 255இல் போய் முட்டிச் சுவரேறி நின்றால் அங்கே ஒன்றும் இல்லை, கிணறு வற்றிவிட்டது. ஆனால் பெரும்பாலும் முட்டியிருக்காது, வெளுத்ததாகத் தெரிகிற வானத்துக்குள் மேகம் ஒளிந்திருக்கும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இன்னும் நல்லது, 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 14 பிட் ரா கோப்பில் 16,384. திருத்தும் மென்பொருளில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) கீழே இழுத்து, மேல் பாதிக்கு மட்டும் படிப்படியாக மங்கும் ஒரு கிரேடியன்ட் போட்டு எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவு) குறைத்து, மங்கலைப் போக்கும் டீஹேஸைக் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள், பத்தில் நான்கைந்து படங்களில் வானம் தானாகவே எழுந்து வந்துவிடும். என் கணக்கு இது, ஆய்வு ஒன்றும் இல்லை. அன்றைய வானத்தையே மீட்டுவிட்டால் அம்மாவின் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஓரங்களில்தான் முதலில் சிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். கட்டடத்தின் விளிம்பு சுலபம், இலைகளும் முடியும் மின்கம்பியும் கஷ்டம். மாஸ்க்கை, அதாவது புது வானம் எங்கே தெரிய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பை, தூரிகையால் தடவிக்கொண்டிருப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பச்சை இலை நீல ஒளியை அதிகம் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் படத்தின் நீலச் சேனலை (நீல ஒளியின் அளவை மட்டும் காட்டும் பிரதி) மட்டும் பார்த்தால் இலைகள் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் வானம் வெளுப்பாகவும் தெரியும், அதை நகலெடுத்து லெவல்ஸ் கருவியில் கறுப்பையும் வெள்ளையையும் இரு பக்கமும் நெருக்கினால் பாதி மாஸ்க் தயார். இன்னும் சோம்பேறித்தனமான வழி, புதிய வானத்தின் லேயரை (படத்தின் மேல் போடும் அடுக்கு) மல்டிப்ளையில், அதாவது மேலடுக்கைக் கீழடுக்கோடு பெருக்கும் முறையில் வைப்பது. வெள்ளையோடு எதைப் பெருக்கினாலும் அதுவே வரும், கறுப்போடு பெருக்கினால் கறுப்பு, ஆகவே வெள்ளை வானம் இருந்த இடத்தில் புது வானம் வரும், கரிய இலை கரியதாகவே நிற்கும், இலைகளுக்கு இடையே உள்ள பொடிப்பொடி ஓட்டைகள்கூட நிறைந்துவிடும். மூட்டத்தின் வெளுப்பு நமக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான். ஆனால் பழைய வானம் முழு வெள்ளையாக இல்லாமல் சாம்பலாக இருந்தால் புது வானமும் அந்த அளவுக்கு இருண்டுவிடும், அதை முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இலை வெளிர்நிறமாக இருந்தால் அதன் மேலேயே மேகம் படரும், அங்கே மாஸ்க் இல்லாமல் தப்பிக்க முடியாது.

ஓரத்தில் வெள்ளைக் கோடாக ஓர் ஒளிவட்டம் மிஞ்சும். பழைய வானத்தின் வெளிச்சம் இலையின் விளிம்பில் கசிந்து படிந்தது அது. அதை முழுவதும் கத்தரித்துவிடாதீர்கள், கத்தரித்தால் மரம் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல ஆகிவிடும். அந்தக் கசிவுக்குப் புது வானத்தின் நிறத்தைக் கொடுங்கள். வானத்துக்கு எதிரே நிற்கும் எதன் விளிம்பிலும் வெளிச்சம் கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

தண்ணீருக்கு வருகிறேன். வானம் இருக்கிற படத்தில் தண்ணீர் இருந்தால் அங்கே இன்னொரு வானமும் இருக்கிறது என்று அர்த்தம். புது வானத்தை நகலெடுத்து, செங்குத்தாகக் கவிழ்த்து, தண்ணீரின் மேல் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்போம், நானும் அப்படித்தான் செய்தேன், பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்தது, தண்ணீர் போல இல்லை. காரணம் இதுதான். தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பது நாம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. காலடியில் நேர் கீழே பார்த்தால் 2 சதவீதம்தான், மீதி உள்ளே போய்விடும், அதனால்தான் அங்கே அடித்தரையும் கூழாங்கல்லும் தெரிகின்றன. தூரத்தில் சாய்வாகப் பார்க்கும் இடத்தில் கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பும். ஆகவே கவிழ்த்த வானம் தூரக் கரையில் அழுத்தமாகவும் நம் பக்கம் வரவர மங்கியும் இருக்க வேண்டும், எங்கேயும் மேலே இருக்கிற வானத்தைவிட வெளிச்சமாக இருக்கவே கூடாது. காற்று அடித்திருந்தால் அலைகளில் அது மேலும் கீழுமாக இழுபட்டு நீளும், அதற்கு, ஒரே திசையில் இழுத்து மங்கலாக்கும் மோஷன் பிளரைச் செங்குத்தாகக் கொஞ்சம் போட வேண்டும். தண்ணீர் என்றால் ஏரி, கடல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மழை பெய்த சாலை, கார் கூரை, சன்னல் கண்ணாடி, மேசையில் வைத்த கைப்பேசி, போட்டிருக்கிற மூக்குக் கண்ணாடி, கடைசியில் கண்மணி. வெளியில் நின்று எடுத்த முகப் படத்தில் கண்ணுக்குள் பாருங்கள், மேல் பாதியில் வெள்ளையாக ஒரு வளைவு தெரியும். அதுதான் அன்றைய மூட்டம். பின்னால் நீல வானத்தை வைத்துவிட்டுக் கண்ணுக்குள் மூட்டத்தை விட்டுவைத்த படங்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அவற்றில் சில என்னுடையவை.

தூரமும் வானத்தின் நிறத்தைக் குடிக்கும். பக்கத்து மரம் பச்சை, அடுத்த குன்று நீலம் கலந்த பச்சை, கடைசி மலை தொடுவானத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும், நடுவில் இருக்கும் காற்றின் வேலை அது. பழைய வானம் சாம்பல் என்றால் கடைசி மலையும் சாம்பல் படிந்திருக்கும், அதன் தலைமேல் கூர்மையான கருநீல வானத்தை வைத்தால் கோடு கிழித்தது போல இருக்கும். புது வானத்தின் அடிப்பகுதியில் மெல்லிய மூடுபனி மாதிரி ஒரு வெளுப்பைக் கொடுத்து, அதே நிறத்தில் தூர மலையிலும் ஒரு துளி தடவினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். எனக்குக் கற்றுக்கொள்ள ரொம்ப நாளான விஷயம் இது, செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மேகத்துக்கும் தொலைவு உண்டு. 2 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மேகம் தொடுவானத்துக்கு 5 பாகை மேலே தெரிகிறது என்றால் அது நம்மிடமிருந்து ஏறக்குறைய 23 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்து மேகம் சின்னதாக, தட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கி அடுக்கியது போலத்தான் தெரியும். அண்ணாந்து எடுத்த குண்டுக்குண்டான மேகத்தைக் கொண்டுவந்து கூரைக்கு நேர் பின்னால் உட்காரவைத்தால் என்னவோ இடிக்கும், என்ன இடிக்கிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பமாட்டார். சூரியனையும் நிலாவையும் அளவில்லாமல் பெரிதாக்குவதும் இதே கதை. முழுச்சட்டக் கேமராவில் (பழைய பிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் நிலா சென்சாரில் அரை மில்லிமீட்டர்கூட வராது, படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 80இல் ஒரு பங்குதான். வீட்டுக் கூரையின் அகலத்துக்கு நிலா வேண்டுமென்றால் வீடு வெகு தொலைவில் இருக்க வேண்டும், லென்ஸும் அதற்குத் தகுந்த நீளத்தில் இருக்க வேண்டும்.

வானவில்லைச் சேர்க்கிறவர்கள் தனி ரகம். வானவில்லின் நடுப்புள்ளி எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும், வில் அதிலிருந்து 42 பாகை தள்ளி வளையும், ஆகவே சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் வானவில். சூரியனும் வானவில்லும் ஒன்றாகச் சிரிக்கும் வாழ்த்துப் படங்கள் தினமும் காலையில் கைப்பேசிக்கு வருகின்றன, அனுப்புகிறவர்கள் பெரியவர்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. முழுநிலவும் அப்படித்தான், மாலையில் மேற்கே சூரியன் இறங்கும்போது அது கிழக்கே ஏறும், இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்காது. பிறையின் ஒளிபட்ட வளைவு சூரியன் இருக்கிற பக்கம் பார்க்கும். கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் மின்னாது, அங்கே நிலாவின் இருண்ட பாதி இருக்கிறது, அதன் வழியே நட்சத்திரம் எப்படித் தெரியும்?

மற்ற சில்லறை விஷயங்களைச் சுருக்கிவிடுகிறேன். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600இல் எடுத்த, நாய்ஸ் எனும் புள்ளிப்புள்ளிக் கரகரப்பு நிறைந்த தரைக்கு மேலே ஐஎஸ்ஓ 100இல் எடுத்த பட்டுப்போன்ற வானம் வந்தால் ஒட்டு தெரியும், வானத்துக்கும் கொஞ்சம் நாய்ஸ் தூவுங்கள். பின்னணி மங்கலாக இருக்கும் முகப் படத்துக்குக் கூர்மையான மேகம் ஆகாது. 8 பிட்டில் வைத்து இழுத்தால் நீலம் பட்டைபட்டையாகப் பிரியும், 16 பிட்டில் வேலை செய்யுங்கள். அப்புறம், மென்பொருளோடு வரும் வானங்களைப் பயன்படுத்தாதீர்கள், அதே மேகத்தை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களே எடுங்கள். நல்ல மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேமராவை நீட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் ஒரு வருடத்தில் பெட்டி நிறைந்துவிடும். நான் எடுத்த நேரம், சூரியன் இருந்த பக்கம், லென்ஸ் என்ன என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கிறேன், தேடும்போது கைகொடுக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, செயற்கை நுண்ணறிவு வந்து கலையைக் கெடுத்துவிட்டது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். லூமினார் 4 மென்பொருளில் 2019 நவம்பரிலும் ஃபோட்டோஷாப்பில் 2020 அக்டோபரிலும் இந்த வசதி வந்தது உண்மை, ஆனால் வேலை என்னவோ போட்டோகிராஃபியின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. அன்று பிலிமுக்குப் பதிலாக இருந்த, கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மட்டும் மிகையாகத் துள்ளும், தரை பதியும்வரை திறந்துவைத்தால் வானம் வெந்து வெள்ளையாகிவிடும், இன்று நாம் அழுகிற அதே அழுகைதான். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சுப் போட்டார். 1857இல் செத் என்ற கடலோர ஊரில் அவர் எடுத்த பேரலைப் படத்தை இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். ஒரே மேக நெகட்டிவை ஒன்றுக்கு மேற்பட்ட கடல் படங்களுக்குப் பயன்படுத்தியும் இருக்கிறார், ஆக ஒரே வானத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டும் வழக்கத்துக்கும் வயது 160ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அவருடைய படத்தைக் கவனித்துப் பாருங்கள், மேகத்தில் வெளிச்சம் எங்கே உடைகிறதோ அதற்கு ஏற்ற இடத்தில்தான் அலையும் மினுங்குகிறது. அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தில் வானத்தை மாற்றவில்லை, ஆனால் வருடங்கள் போகப்போக ஒவ்வொரு பிரதியிலும் இருட்டறையில் அதை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார், முதல் பிரதியில் இருந்த மெல்லிய மேகங்கள் பிற்காலப் பிரதிகளில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டன. மேகத்தைச் சேர்க்கிறவர் ஒருவர், அழிக்கிறவர் இன்னொருவர். இரண்டு பேரையும் நான் மோசக்காரர் என்று சொல்லமாட்டேன், அவர்கள் யாருக்கும் செய்தி சொல்லவில்லை.

செய்தி என்று வந்துவிட்டால் கதை வேறு, இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதுவதே அதற்காகத்தான். 2006இல் அமெரிக்காவின் ஷார்லட் அப்சர்வர் நாளிதழ் தன் போட்டோகிராஃபர் ஒருவரை வேலையைவிட்டு நீக்கியது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஏணியில் நிழலுருவாகத் தெரியும் படம், பின்னால் வானம். அவர் வானத்தை மாற்றக்கூட இல்லை, பழுப்புச் சாம்பலாக இருந்ததை ஆழ்ந்த சிவப்பாக்கினார், அவ்வளவுதான். கண்ணால் பார்த்த நிறத்தைத்தான் மீட்டேன் என்று அவர் சொன்னார், பத்திரிகை ஏற்கவில்லை. அதே வருடம் ஆகஸ்டில், குண்டு விழுந்த பெய்ரூட் நகரத்தின் மேல் எழுந்த புகையை ஒரு போட்டோகிராஃபர், ஒரு பகுதியை நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியால் பெருக்கிவிட, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அவரோடு தொடர்பை முறித்துக்கொண்டு அவர் எடுத்த 920 படங்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. புகையின் சுருள்கள் அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டுபிடித்தவர்கள் இணையத்தில் எழுதும் வலைப்பதிவர்கள். முதல் தண்டனை எனக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் தோன்றுகிறது, இரண்டாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வானம் என்பது அந்த நேரத்தின் சாட்சி. மழை வந்ததா, புகை இருந்ததா, மணி என்ன ஆகியிருக்கும், எல்லாவற்றையும் அதுதான் சொல்கிறது. வெள்ளம் வந்த நாளின் படத்தில் நீல வானத்தை வைத்தால், சட்டை நிறத்தை மாற்றியது போல அது அலங்காரத்தோடு நிற்காது, அன்று என்ன நடந்தது என்பதையே மாற்றிவிடும்.

உங்கள் இதழில் செய்திப் படங்களில் இப்படி ஏதும் நடப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு வாரம் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள், அதில் 'மழைக்காலக் காட்சிகள்' என்று தலைப்பு வைத்த வாரத்தில்கூடப் பாதிப் படங்களில் அந்தி எரிந்துகொண்டிருந்தது. அங்கே படத்தின் கீழே அனுப்பியவர் பெயரோடு 'வானம் மாற்றப்பட்டது' என்று இரண்டே வார்த்தைகள் சேர்த்துவிடுங்கள், அனுப்பும் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் வைத்துவிட்டால் உங்களுக்கும் வேலை குறைவு. மாற்றியதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நன்றாக மாற்றத் தெரிந்தவருக்கு அது பெருமைகூட. பரிசு கொடுக்கும் போட்டியாக இருந்தால் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விண்ணப்பம், அடுத்த முறை இந்த மாதிரிக் குறிப்பு போடும்போது மூட்டமான நாளில் என்னென்ன எடுக்கலாம் என்றும் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். முகம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை, கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழாது, யாரும் கண்ணைச் சுருக்கமாட்டார்கள். அருவி, காட்டுப் பாதை, ஈரப் பாறை, பூ எல்லாம் மூட்டத்தில்தான் தங்கள் நிறத்தைக் காட்டும், வெயிலில் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் விழுந்து கெட்டுப்போகும். இலைமேல் படிந்த மினுக்கத்தை நீக்க, லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டி ஒன்று போதும், மூட்ட வானத்தை அது நீலமாக்கும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வானம் பிடிக்கவில்லையா, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி வானமே வராமல் எடுத்துவிடலாம். இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், ஆனால் 'ஒரே தட்டலில்' என்று தலைப்புப் போட முடியாது, அதுதான் இதில் சிக்கல்.

இத்துடன் இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். ஒன்று அந்தி வானம் ஒட்டிய அந்த மலையுச்சிப் படம், அதை நீங்கள் பார்த்துச் சிரிப்பதற்காக மட்டும், அச்சிட வேண்டாம். மற்றது மூலப் படம், குடையும் நனைந்த தலையும் வெள்ளை வானமுமாக அன்று எடுத்தபடியே இருக்கிறது, அம்மா இப்போது அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அச்சிடுவதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். வானம் தாளின் வெள்ளையோடு கலந்து படம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும் என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் கட்டாயம் சொல்வார். சுற்றிலும் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு போடச் சொல்லுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்